முன்னால் போகும் காரும் நாமும்: நடுவே எத்தனை நொடி விட வேண்டும்? முழுமையான வழிகாட்டி

முன் காரிலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்ட வேண்டும் என்று கேட்டால், ஒருவர் 'இரண்டு கார் நீளம்' என்பார், இன்னொருவர் 'பத்து மீட்டர்' என்பார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. அளந்தாலும் பயனில்லை. 30 கி.மீ. வேகத்தில் தாராளமாக இருக்கும் பத்து மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் கண் இமைக்கும் நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

1968-ல் உருவான சாலைப் போக்குவரத்துக்கான வியன்னா உடன்படிக்கையிலும் மீட்டர் கணக்கு இல்லை. முன் வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பிரான்சின் சட்டம் அதையே 'குறைந்தது இரண்டு நொடியில் கடக்கும் தூரம்' என்று வரையறுக்கிறது. பிரிட்டனின் சாலை விதி நூலும் வேகச் சாலைகளுக்குக் குறைந்தது இரண்டு நொடி என்கிறது. ஜெர்மனியில் புழங்கும் வழக்கு வேறு மாதிரி: ஸ்பீடாமீட்டர் காட்டும் எண்ணில் பாதி, மீட்டரில். 100-ல் போனால் 50 மீட்டர். கணக்குப் போட்டால் அதுவும் ஏறக்குறைய 1.8 நொடிதான்.

ஆக, இடைவெளிக்கு அளவுகோல் நேரம். ஆனால் அந்த இரண்டு நொடி எதற்காக என்று புரியாமல் வெறுமனே எண்ணினால், அது போதாத இடத்திலும் போதும் என்று நம்பிவிடுவோம். அதனால் முதலில் கொஞ்சம் கணக்கு.

இரண்டு நொடி எதற்கு, எதற்கு இல்லை

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். மூன்றே எண்களை நினைவில் வைத்தால் போதும்: 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர், 72 என்றால் 20, 108 என்றால் 30.

முன் காரின் பிரேக் லைட் எரிகிறது. கண் பார்க்க வேண்டும், 'இது சும்மா தொட்டதில்லை, நிஜமாகவே நிறுத்துகிறார்' என்று மூளைக்கு உறைக்க வேண்டும், கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு நகர்ந்து மிதிக்க வேண்டும். எதிர்பாராத நேரத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை நொடி வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அந்த ஒன்றரை நொடியும் கார் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். 72 கி.மீ.யில் அது 30 மீட்டர்.

அப்புறம்தான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. உலர்ந்த ரோடு, நல்ல டயர், முழு பலத்தோடு மிதி என்று எல்லாம் சரியாக அமைந்தால், 36 கி.மீ.யிலிருந்து நிற்கச் சுமார் 7 மீட்டர், 72-லிருந்து 29 மீட்டர், 108-லிருந்து 64 மீட்டர் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. இரண்டையும் கூட்டினால், நிற்பதற்கான மொத்தத் தூரம் முறையே 22, 59, 109 மீட்டர்.

இங்கேதான் ஒரு முடிச்சு. 72 கி.மீ.யில் இரண்டு நொடி என்றால் 40 மீட்டர். நிற்கத் தேவையோ 59. அப்படியானால் இரண்டு நொடி விதி தப்பா? தப்பில்லை. முன் காரும் சட்டென்று நின்றுவிட முடியாது, அதுவும் பிரேக் போட்டபடி 29 மீட்டர் உருண்டுதான் நிற்கும். நாமும் அதே அளவு உருளுவோம். இரண்டும் கழிந்துபோக, மிஞ்சுவது நாம் சுதாரிக்க எடுத்துக்கொண்ட 30 மீட்டர் மட்டும். நாம் விட்ட 40 மீட்டர் அதற்குப் போதும். அதாவது இரண்டு நொடி இடைவெளி நம் கண்ணுக்கும் காலுக்கும் கொடுக்கும் அவகாசம். பிரேக்குக்கான இடம் அதில் இல்லை.

முன் கார் வழக்கம்போல் பிரேக் போட்டு நிற்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். அது எதன்மீதாவது மோதி அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் செல்லாது. நின்றுகொண்டிருக்கும் லாரியைக் கடைசி நொடியில் பார்த்து முன் கார் பக்கத்து லேனுக்குத் தாவிவிட்டாலும் செல்லாது, ஏனென்றால் இப்போது நம் முன்னால் இருப்பது நகராத லாரி. அந்த நேரத்தில் முழுத் தூரமும் நமக்கே வேண்டும்: 36-ல் 22 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு நொடி. 72-ல் 59 மீட்டர், மூன்று நொடி. 108-ல் 109 மீட்டர், நான்கு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

என் பரிந்துரை இதிலிருந்தே வருகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இரண்டு நொடி. 60, 70-ஐத் தொட்டதும் மூன்று. 100-ஐ நெருங்கினால் நான்கு. பாடப்புத்தகத்தில் இருக்கும் இரண்டு நொடியை, அதற்குக் கீழே இறங்கவே கூடாத அடிமட்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணிப் பாருங்கள்

சாலையோரத்தில் நகராத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பம், பெயர்ப்பலகை, பாலத்தின் நிழல், தார் ஒட்டுப்போட்ட இடம், எதுவானாலும் சரி. முன் காரின் பின் பம்பர் அதைத் தாண்டும்போது மனதுக்குள் தொடங்குங்கள்: 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று'. நிதானமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நொடி. மூன்றைச் சொல்லி முடித்த பிறகு நம் கார் அந்த இடத்துக்கு வந்தால் மூன்று நொடி இருக்கிறது. 'ஆயிரத்து இரண்டு' சொல்லும்போதே வந்துவிட்டால் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பழகிக்கொள்வது நல்லது. பலர் நினைப்பதைவிட வேகமாக எண்ணுகிறார்கள், அதிலும் அவசரத்தில் இருக்கும்போது மூன்று நொடி இரண்டாகச் சுருங்கிவிடும். கம்பத்தையே முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். பார்வை ரோட்டில் இருக்கட்டும், கம்பம் ஓரக்கண்ணில் பட்டால் போதும்.

வேகம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை எண்ணுங்கள். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு ஒரு தடவை, நெடுஞ்சாலையில் போக்குவரத்து கூடும்போது ஒரு தடவை. கொஞ்ச நாளில் கண்ணுக்கே அளவு பழகிவிடும். பழகிய பிறகும் அவ்வப்போது எண்ண வேண்டும். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் 100 கூட மெதுவாகத் தோன்றும், நமக்குத் தெரியாமலே முன் காரை நெருங்கியிருப்போம்.

படி 2: குறைவாக இருந்தால் காலை எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள்

நெருங்கிவிட்டோம் என்று தெரிந்ததும் பிரேக்கை மிதித்தால், நம் பிரேக் லைட்டைப் பார்த்துப் பின்னால் வருபவர் நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாக மிதிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அதிகமாக. 2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை, ரோடு எங்கும் குறுகவில்லை. கொஞ்ச நேரத்தில் சில கார்கள் நின்றே போயின, அந்த நெரிசல் அலைபோல வட்டத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நெரிசலான சாலையில் சின்ன சின்னத் தயக்கங்கள் கைமாறிக் கைமாறிப் பெரிதாவது இப்படித்தான். முன்னால் இடம் விட்டு ஓட்டுகிறவர், காலை லேசாக எடுப்பதோடு அந்த அலையைத் தன்னோடு நிறுத்திவிடலாம்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் ஏழு கி.மீ. அளவுக்குக் குறையட்டும். 72-ல் ஒரு நொடி இடைவெளி 20 மீட்டர், மூன்று நொடிக்கு 60 வேண்டும். மீதி 40 மீட்டரும் இருபது நொடியில் தானாகத் திறந்துவிடும். திறந்ததும் முன் காரின் வேகத்துக்கே திரும்பிவிடலாம். ஒரு முறை இருபது நொடி மெதுவாகப் போனால் போதும், வழியெல்லாம் மெதுவாகப் போகத் தேவையில்லை.

படி 3: எப்போது கூட்ட வேண்டும்

மழையில் இரட்டிப்பு. ஈர ரோட்டில் டயரின் பிடி குறைகிறது, பிரேக் தூரம் நீள்கிறது. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையை இன்னும் கவனமாகப் பாருங்கள்: ரோட்டில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். டயர் பள்ளத்தின் ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்டப்படியான கடைசி எல்லை 1.6 மில்லிமீட்டர். ஆனால் அந்த எல்லையை நெருங்கிய டயர், தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளத் திணறும். தள்ள முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் மிதக்கும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்தக் கணத்தில் எதற்கும் உதவாது. பனிக்கட்டி படிந்த ரோட்டுக்கு பிரிட்டனின் விதி நூல் பத்து மடங்கு வரை இடைவெளி தேவைப்படலாம் என்கிறது. அதாவது அந்த ரோட்டில் முன்னால் வண்டியே இல்லாத மாதிரி ஓட்ட வேண்டும்.

இரவில் விளக்கின் வெளிச்சமும் கணக்கில் சேரும். லோ பீமில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர். 72 கி.மீ.யில் நிற்க 59 வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதற்கு மேல் வேகம் போனால், விளக்கில் தெரியும் பொருளுக்கு முன்னால் நிற்க முடியாது. முன் காரின் வேகத்தை இருட்டில் ஊகிப்பதும் கடினம். பகலில் அதன் உருவம் பெரிதாவதை வைத்து நெருங்குகிறோம் என்று கண்டுபிடிக்கிறோம், இரவில் கிடைப்பதோ இரண்டு சிவப்புப் புள்ளிகள். பைக் என்றால் ஒரே புள்ளி, அது பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்றே தெரியாது.

மூடுபனியில் முன் காரின் டெயில் லைட்டைப் பிடித்துக்கொண்டு போவது பலருக்கும் வரும் ஆசை. வழி தெரிகிற நிம்மதிக்காக மிக அருகில் போய்விடுவார்கள். அந்த விளக்கு கண்ணில் தெரிகிற தூரம், நிற்கத் தேவையான தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் வேகம் அதிகம் என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள், விளக்கு மறைந்தால் மறையட்டும்.

இறக்கத்தில் ஒரு நொடி கூடுதல், கூடவே கீழ் கியர். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். காரில் ஆட்களும் சாமான்களும் நிறைந்திருந்தாலோ பின்னால் டிரெய்லர் இழுத்தாலோ இன்னும் ஒன்று. தூக்கக் கலக்கம், தலைவலி என்றால் இடைவெளியைக் கூட்டுவது தற்காலிக ஏற்பாடுதான், வண்டியை ஓரங்கட்டுவதே சரி. போனை எட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு எந்த இடைவெளியும் போதாது: இரண்டு நொடி கண் கீழே போனால் 72-ல் 40 மீட்டர் குருட்டு ஓட்டம்.

படி 4: முன்னால் போவது என்ன வண்டி என்று பாருங்கள்

கார் பின்னால் கார் என்றால் மேலே சொன்ன கணக்கு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் சிக்கல் வேறு. அவை மெதுவாகத்தான் நிற்கும், அதனால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பெரிய உடம்பு முன்னால் இருப்பதை எல்லாம் மறைத்துவிடுகிறது. பள்ளம், விழுந்து கிடக்கும் மரக்கிளை, நெரிசல், எதுவும் நமக்குத் தெரியாது. நெருக்கமாகப் போனால் லாரி ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடி நம் கண்ணில் படவில்லை என்றால் அவருக்கு நாம் இல்லை. மோதினால் காரின் பானெட் லாரியின் அடியில் நுழைந்துவிடும், அடி நேராக முன்கண்ணாடிக்கு வரும். குறைந்தது நான்கு நொடி விடுங்கள், தூரம் கூடக் கூடப் பார்வையும் அகலமாகும்.

லாரிக்கு முன்னால் நுழைவதும் இதே விஷயத்தின் மறுபக்கம். தனக்குத் தேவை என்று அவர் விட்டு வைத்திருக்கும் இடத்தை 'காலியாக இருக்கிறதே' என்று நாம் நிரப்பினால், அவருடைய பிரேக் தூரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

பைக்குக்குப் பின்னால் இன்னும் தாராளம் வேண்டும். பைக் சறுக்கி விழுந்தால் ரோட்டில் கிடப்பது ஆள். பிரேக் லைட் எரியாமலே, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியோ கியரைக் குறைத்தோ அவர் வேகத்தைக் குறைத்துவிடுவார், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

படி 5: முன் காரைத் தாண்டிப் பாருங்கள்

இடைவெளி விட்டும் கண் முன் காரின் பம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பலன்தான். முன் காரின் கண்ணாடி வழியாக அதற்கு முன்னால் இருக்கும் காரை, வளைவில் அதற்கும் முன்னால் இருக்கும் வண்டிகளைப் பாருங்கள். மூன்றாவது வண்டியின் பிரேக் லைட் எரிந்ததும் காலை எடுத்துவிட்டால், முன் கார் பிரேக் போடும்போது நாம் ஏற்கெனவே தயார். ஒன்றரை நொடிச் சுதாரிப்பு நேரம் அங்கே பாதியாகக் குறைந்துவிடும்.

'இடம் விட்டா எல்லாரும் நுழைஞ்சிடுறாங்களே!'

இந்த வழிகாட்டியைப் படிக்கும் பாதிப் பேரின் மனதில் இப்போது ஓடுவது இதுதான் என்று தெரியும். நுழைவார்கள், உண்மைதான். நுழைந்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் பார்ப்போம். ஒருவர் நுழைந்ததும் நாம் காலை எடுத்து மறுபடி மூன்று நொடி இடைவெளி திறக்கிறோம். நம் பயணத்தில் கூடியது ஏறக்குறைய மூன்று நொடி. பத்துப் பேர் நுழைந்தாலும் அரை நிமிடம். அந்தப் பத்துப் பேரையும் நுழைய விடாமல் தடுக்க முன் காரோடு ஒட்டிப் போனால் மிச்சமாவது அவ்வளவுதான், அடுத்த சிக்னலில் அதுவும் போய்விடும்.

எனக்கு எரிச்சல் வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நுழைந்தவர் வேகமாகப் போகிறவரானால், கொஞ்ச நேரத்தில் அவரே முன்னேறிப் போய் இடத்தைத் திருப்பித் தந்துவிடுவார். நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: நுழைந்த கணத்தில் கோபத்தில் பிரேக்கை அழுத்துவது. பின்னால் வருகிறவருக்கு அதற்கான காரணம் தெரியாது.

படி 6: பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால்

பின்னால் வருகிறவரின் இடைவெளி நம் கையில் இல்லை, முன் இடைவெளி இருக்கிறது. அதனால் முன்னால் இன்னும் ஓரிரு நொடி கூட்டுங்கள். அவருக்குச் சுதாரிக்க நேரமில்லை என்பதால், நாம் பிரேக்கை மெதுவாக, முன்கூட்டியே, நீளமாக மிதிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் இடம் வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு லைட்டை எரியவிடுவதும் உதவும். வழி கிடைத்தால் இடது, வலது எது சரியோ அந்தப் பக்கம் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். பாடம் கற்பிக்கிறேன் என்று சட்டென்று பிரேக் போடுவது, அவருடைய தவறில் நாமும் பங்கு கேட்பது மாதிரி.

படி 7: நிற்கும்போது

சிக்னலில் முன் காரின் பின் டயர்கள் ரோட்டைத் தொடும் இடம் தெரிகிற அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். அது முன் கார் பழுதாகி நின்றால் திரும்பி விலகிப் போகவும் போதுமான இடம். ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம், முன் கார் கிளம்பும்போது பின்னால் உருளலாம். நெடுஞ்சாலையில் திடீர் நெரிசலின் கடைசி வண்டி நாமாக இருந்தால், அபாய விளக்கைப் போட்டு, கியரிலேயே வைத்து, பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் விட்ட இடம் அப்போது தப்பிக்கும் வழி. கிளம்பும்போதும் முன் காரோடு சேர்ந்தே கிளம்பாமல், அது நகர்ந்து இடம் திறந்த பிறகு நகருங்கள்.

சுரங்கப்பாதையில் கணக்கு மாறும், அங்கே தீயும் புகையும் பயம். 1999-ல், பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கத்தில் நடந்த தீ விபத்தில் 39 பேர் இறந்தார்கள். இன்று அந்தச் சுரங்கத்தில் வண்டிகளுக்கு நடுவே 150 மீட்டர் விட வேண்டும், அதைக் காட்ட சுவரில் நீல விளக்குகள் இருக்கின்றன.

இடைவெளி தீர்ந்துவிட்டால்

முழு பலத்தோடு மிதியுங்கள். பலர் பாதி பலத்தில் மிதித்து, பிறகு கூட்டுகிறார்கள். அதற்குள் முக்கியமான மீட்டர்கள் போய்விடும். ஏபிஎஸ் (முழு பிரேக்கிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும், சத்தமும் வரும். அது பழுதில்லை, காலை எடுக்கக் கூடாது. ஏபிஎஸ் இருக்கும் காரணத்தால் கார் சீக்கிரம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம், ஜல்லியிலும் பனியிலும் தூரம் கூடவே செய்யலாம். அது தருவது வேறு: முழு பிரேக்கிலும் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். அதனால் முன் காரையே பார்க்காமல், காலியாக இருக்கும் பக்கத்தைப் பார்த்துத் திருப்புங்கள்.

வேகத்தின் விலை அந்த நேரத்தில்தான் தெரியும். 72-லும் 90-லும் போகும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன என்று வையுங்கள். 72-ல் வந்த கார் நிற்கும் இடத்தில், 90-ல் வந்த கார் இன்னும் 54 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

காரே பார்த்துக்கொள்ளும் என்றால்

முன் காருக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோலில் இடைவெளிக்குப் பல நிலைகள் இருக்கும். மிகக் குறைந்த நிலையில் பல கார்கள் ஒரு நொடி அளவுக்கே விடுகின்றன, அதிகபட்ச நிலையில் இரண்டு நொடிக்குச் சற்று மேல். எப்போதும் அதிகபட்சத்திலேயே வையுங்கள், வைத்துவிட்டு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ரோட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் வண்டியை இந்த அமைப்புகள் வேகமான ஓட்டத்தில் தவறவிடலாம், கார் கையேடுகளே அதை எச்சரிக்கின்றன. முன் கார் விலகி, நின்ற லாரி திடீரென்று தெரியும் என்று மேலே சொன்ன அதே சூழல்தான். தானியங்கி அவசர பிரேக்கும் அப்படித்தான், மோதும் வேகத்தைக் குறைக்கும், மோதலைத் தவிர்க்கும் என்று உறுதி இல்லை. ராடாரும் கேமராவும் இருக்கும் இடத்தைக் கையேட்டில் பார்த்து வைத்து, சேறும் பூச்சியும் படிந்திருந்தால் கிளம்பும் முன் துடைத்துவிடுங்கள்.